நீல ஒளி நோயைச் சொல்லாது

"ஒரு சொட்டு ரத்தம் போதும். நானோ துகள் ஒளிர்ந்து, உடலில் எவ்வளவு ஆக்சிஜனேற்ற அழுத்தம் இருக்கிறதென்று சொல்லிவிடும். செலவு சில ரூபாய், நேரம் சில நிமிடம். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்விடலாம்." துடியலூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளானாலும் சரி, கோவை நகரத்துக் கலை அறிவியல் கல்லூரிகளானாலும் சரி, நானோ கருத்தரங்கு என்று ஒன்று நடந்தால் இந்த வாக்குறுதி ஏதாவது ஒரு போஸ்டரில் தொங்கும். இது கோவைக்காரர்களின் தனிப் பழக்கமும் அல்ல. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் பேப்பரானாலும் கடைசிப் பத்தி இதையேதான் பாடுகிறது. அது செய்தித்தாளுக்கு வந்து சேரும்போது, சர்க்கரை, மாரடைப்பு, புற்றுநோய், மறதி நோய் எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிடும் கருவியாக வளர்ந்துவிடுகிறது.

இந்த வாக்குறுதி தவறு. கருவிக்கு இன்னும் கொஞ்சம் மெருகேற்றினால் சரியாகிவிடும் என்கிற அளவில் தவறு அல்ல, அடிப்படையிலேயே தவறு. ரத்தத்தில் தயாலை, அதாவது இந்தக் கருவிகள் தேடும் கந்தகச் சேர்மங்களை, அளக்க வழியில்லாமல் மருத்துவம் தவித்துக்கொண்டிருக்கவில்லை. அளந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நிற்கிறது. இல்லாத பிரச்சினைக்கு ஆண்டுதோறும் புதுப்புதுத் தீர்வுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். மூலக்கூறின் ஓரத்தில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் அது தயால். சிஸ்டீன், ஹோமோசிஸ்டீன், குளுட்டாதயோன் மூன்றிலும் அது உண்டு. இவற்றில் குளுட்டாதயோனை 1921இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் பிரித்தெடுத்தார். நம் செல்களுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார் வரை நிறைந்திருக்கும் பொருள் அது. பெராக்சைடு போன்ற வம்புக்காரர்கள் வந்தால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்கிவிட்டு, இரண்டு குளுட்டாதயோன்கள் கந்தகத்தோடு கந்தகமாகக் கோத்துக்கொள்ளும். பிறகு ஒரு நொதி வந்து அந்த ஜோடியைப் பிரித்து மறுபடி வேலைக்கு அனுப்பும். ஜோடியானது அதிகம், தனியாக இருப்பது குறைவு என்றால் செல் நெருக்கடியில், அதாவது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில், இருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். அதுவரை சரி.

சென்சார் செய்யும் வித்தையும் அழகானதுதான். முருங்கை இலையையோ கறிவேப்பிலையையோ அரைத்துச் சாறெடுத்து, டெஃப்லான் குப்பியில் ஊற்றி, எஃகு ஆட்டோகிளேவுக்குள் வைத்துத் திருகி, 180 டிகிரியில் சில மணி நேரம் ஓவனில் விட்டுவிட வேண்டும். ஆறியபின் திறந்தால் டீ டிகாக்ஷன் நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். வடிகட்டி, இருட்டுப் பெட்டிக்குள் 365 நானோமீட்டர் யுவி விளக்கைக் காட்டினால் பளிச்சென்று நீலமாக ஒளிரும். அதுதான் கார்பன் டாட். அதில் பாதரச உப்புக் கரைசலைச் சொட்டினால் ஒளி அணையும். குளுட்டாதயோனைச் சொட்டினால், அது பாதரசத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, அணைந்த ஒளி திரும்ப எழும். எவ்வளவு ஒளி திரும்பியதோ அவ்வளவு தயால். தங்க நானோ துகளை வைத்தும், மாங்கனீஸ் டை ஆக்சைடு தகடுகளை வைத்தும் இப்படி அணைத்து ஏற்றலாம். எம்.எஸ்சி. மாணவருக்கு ஒளிர்வையும் பிணைப்பையும் ஒரே மதியத்தில் புரியவைக்க இதைவிட நல்ல சோதனை கிடைப்பது கடினம். என் சண்டை அந்தக் குப்பிக்குள் ரத்தம் வரும்போதுதான் தொடங்குகிறது.

இந்தப் பேப்பர்கள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பது எதில்? எவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்க முடியும் என்பதில். ஒருவர் நூறு நானோமோலார் என்பார், அடுத்தவர் பத்து என்பார், மூன்றாமவர் ஒன்றுக்கும் கீழே என்று அட்டவணை போட்டுத் தன் பெயரைக் கடைசி வரிசையில் தடித்த எழுத்தில் வைப்பார். அந்த நுணுக்கம் யாருக்கு வேண்டும்? சிவப்பணுவுக்குள் குளுட்டாதயோன் ஏறக்குறைய 2 மில்லிமோலார், அதாவது 20 லட்சம் நானோமோலார். மிகக் குறைவாக இருக்கும் பிளாஸ்மாவிலேயே அது சில ஆயிரம் நானோமோலார். இதை அளக்க 1959இலேயே ஜார்ஜ் எல்மன் ஒரு வினைப்பொருளைக் கொடுத்துவிட்டார். தயாலைத் தொட்டால் அது மஞ்சளாகும், 412 நானோமீட்டரில் படித்துக்கொள்ளலாம். 1969இல் டீட்சே அதோடு ஒரு நொதியைச் சேர்த்து இன்னும் கூர்மையாக்கினார். இரண்டு முறைகளும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் முடியாத எதைப் புதிய துகள் செய்கிறது என்ற கேள்விக்குப் பேப்பரில் பதில் இருப்பதில்லை.

அடுத்து, "எங்கள் சென்சார் தயாலை மட்டுமே காணும்" என்ற அட்டவணை. சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், கிளைசின் என்று ஒவ்வொன்றாகச் சுத்தமான பஃபரில் கலந்து, எதற்கும் ஒளி மாறவில்லை என்று காட்டுவார்கள். பிளாஸ்மா அப்படித் தனித்தனியாக வந்து நிற்காது. அதில் சுமார் 600 மைக்ரோமோலார் ஆல்புமின் இருக்கிறது. ஒவ்வொரு ஆல்புமினிலும் ஒரு தனித்த சிஸ்டீன் உண்டு. பிளாஸ்மா தயாலில் பெரும்பங்கு அதனுடையது, குளுட்டாதயோன் வெறும் சில மைக்ரோமோலார். ஒளி திரும்பினால் யாருக்காகத் திரும்பியது? மாங்கனீஸ் டை ஆக்சைடு தகட்டை வைட்டமின் சி-யும் கரைக்கும். முந்தின நாள் நெல்லிக்காய் தின்றவரும் தின்னாதவரும் அங்கே வேறுவேறு நோயாளிகளாகிவிடுவார்கள். ஹீமோகுளோபின் 415 நானோமீட்டரை ஒட்டி ஒளியை வாரி விழுங்கும், பிலிருபின் 450ஐ ஒட்டி விழுங்கும். நீல நிறக் கார்பன் டாட் ஒளிர்வதும் அதே இடத்தில்தான். ஆகவே ஒளி மங்கினால் தயால் குறைவா, மஞ்சள் காமாலையா, ஊசி குத்தியவரின் கை அவசரத்தில் சிவப்பணு உடைந்ததா என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, எந்த நானோ துகளும் ரத்தத்தில் விழுந்த நொடியில் புரதங்கள் அதன்மேல் போர்த்திக்கொள்கின்றன. பஃபரில் அளந்த துகள் வேறு, ரத்தத்தில் மிதக்கும் துகள் வேறு.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள்: ரெக்கவரி. சீரத்தை நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்து, தெரிந்த அளவு குளுட்டாதயோனைத் தாங்களே கலந்து, கலந்ததில் 98 சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பார்கள். கோயில் உண்டியலில் நானே பத்து ரூபாயைப் போட்டு, அதை நானே எண்ணி எடுத்துவிட்டு, உண்டியலின் முழுக் கணக்கையும் தணிக்கை செய்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடுவதைப் போன்றது இது. உள்ளே ஏற்கெனவே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு வேறொரு நம்பகமான முறையில், உண்மையான நோயாளிகளின் மாதிரிகளை, யார் யாருடையது என்று தெரியாமல் அளந்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு முன்பே பெரும்பாலான பேப்பர்கள் முடிந்துவிடுகின்றன.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை சென்சாருக்கு வெளியே இருக்கிறது. அது ரத்தம் எடுத்த நொடிக்கும் விளக்கைக் காட்டும் நொடிக்கும் நடுவில் உள்ள நேரம். துடியலூரில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, டூவீலரில் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வழியில் குலுங்கி, நூற்றில் ஒரு சிவப்பணு மட்டும் உடைகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணு 0.45 மில்லி என்றால், அதில் நூற்றில் ஒரு பங்கு 0.0045 மில்லி. உள்ளிருந்த 2 மில்லிமோலார் குளுட்டாதயோன், மீதமுள்ள 0.55 மில்லி பிளாஸ்மாவில் பரவினால் அங்கே 16 மைக்ரோமோலார் ஏறிவிடும். பிளாஸ்மாவின் சொந்தக் குளுட்டாதயோனே சில மைக்ரோமோலார்தான். குண்டுகுழி ரோட்டின் கணக்கை நோயாளியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஜோடியான குளுட்டாதயோனின் கதை இன்னும் மோசம். ஆரோக்கியமான செல்லில் நூறு தனி மூலக்கூறுக்கு ஒரு ஜோடிகூட இருக்காது. நூறில் இரண்டு மட்டும் வழியில் காற்றுபட்டுக் கோத்துக்கொண்டால் ஜோடிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் போகும், நூறில் நான்கு என்றால் மூன்று மடங்குக்கு மேல். ரிப்போர்ட்டில் "கடும் ஆக்சிஜனேற்ற அழுத்தம்" என்று வரும். அழுத்தத்துக்கு ஆளானது மனிதர் அல்ல, குழாய்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. ரத்தம் எடுக்கும் குழாயிலேயே என்-எத்தில்மாலிமைடு என்ற பொருளை வைத்திருந்தால் அது தயாலை உடனே மூடி முத்திரையிட்டுவிடும், பிறகு ஆக்சிஜனேற்றம் நடக்காது. கவனமான ஆய்வுக்கூடங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் முத்திரையிட்ட தயாலை எச்பிஎல்சி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற பெரிய கருவிகளில்தான் அளக்கலாம். தயாலைத் தொட்டு ஒளிரும் சென்சாருக்கு அங்கே தொட எதுவுமே மிச்சமிருக்காது. மாதிரியைக் காப்பாற்றினால் சென்சார் குருடு, சென்சாருக்குக் கண் கொடுத்தால் மாதிரி பாழ். இந்த முடிச்சை அவிழ்க்காமல் வெளிவரும் ஒவ்வொரு "கிராமப்புறப் பரிசோதனை" வாக்குறுதியும் காகிதப்பூதான். "விரல் நுனியில் குத்தி அங்கேயே அளந்துவிட்டால்?" என்று கேட்பார்கள். விரலைப் பிதுக்கினாலே சிவப்பணு உடையும் என்பது எந்த லேப் டெக்னீசியனுக்கும் தெரியும்.

சரி, எல்லாத் தடையையும் தாண்டிக் குற்றமே இல்லாத ஓர் எண் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அது எதைச் சொல்லும்? ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை 1985இல் ஒரு நூலாகவே முன்வைத்தவர் ஹெல்முட் சீஸ். இன்று அதைக் காய்ச்சலைப் போல உடம்பு முழுவதுக்கும் ஒரே அளவுள்ள ஒன்றாகப் பேசுகிறோம். ஒரு செல்லுக்குள்ளேயே அது ஒன்றல்ல. செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் ஜோடிகள் மிக அரிது. அதே செல்லின் எண்டோபிளாச வலையில் ஒன்று முதல் மூன்று தனி மூலக்கூறுக்கு ஒரு ஜோடி இருக்கிறது என்று 1992லேயே காட்டினார்கள். அங்கே அது நோய் அல்ல, புரதங்களை மடிக்கத் தேவையான சூழல். செல்லை அரைத்துக் குப்பியில் ஊற்றினால் இரண்டும் கலந்து, எந்த அறைக்கும் பொருந்தாத ஒரு சராசரி கிடைக்கும். ரத்தத்தில் அளந்தாலோ, உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் இல்லாத சிவப்பணுவின் கதை கிடைக்கும். கல்லீரலும் மூளையும் என்ன பாடுபடுகின்றன என்பதை அதிலிருந்து வாசிக்க முடியாது.

அளந்துவிட்டால் குணப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் கசப்பான வரலாறு உண்டு. ஹோமோசிஸ்டீனும் ஒரு தயால். அது கூடினால் ரத்தக் குழாய் கெடும் என்று 1969இல் கில்மர் மக்கல்லி சொன்னார், பின்னர் வந்த பல ஆய்வுகள் அந்தத் தொடர்பைக் கண்டன. வைட்டமின் பி மாத்திரையால் அதை எளிதில் குறைக்கலாம், துல்லியமாக அளக்கவும் முடிந்தது. 2006இல் நார்விட், ஹோப்-2 என்ற இரண்டு பெரிய சோதனைகள் முடிந்தபோது எண் இறங்கியிருந்தது, மாரடைப்பு இறங்கவில்லை. ஆக்சிஜனேற்றத்தை அடக்கினால் நல்லது என்ற எண்ணத்தில் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அது 1994. 2011இல் செலக்ட் சோதனை, வைட்டமின் இ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாகச் சொன்னது. நல்ல எண்ணம், தெளிவான எண், கெட்ட முடிவு. இவற்றுக்குப் பிறகும் "ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளந்தால் நோயைத் தடுக்கலாம்" என்று முன்னுரை எழுதுகிறவர் இந்தச் சோதனைகளைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் மறைக்கிறார்.

குளுட்டாதயோன் உண்மையிலேயே தீர்ந்துபோகும் ஓர் அவசரம் இருக்கிறது. பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலில் குளுட்டாதயோன் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போது செல்கள் சாகத் தொடங்குகின்றன என்று 1973இல் எலிகளில் காட்டப்பட்டது. மருந்தும் தயால்தான்: என்-அசிட்டைல்சிஸ்டீன். தயால் சென்சாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனாலும் கேஷுவாலிட்டி மருத்துவர் குளுட்டாதயோனை அளக்கச் சொல்வதில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்பார். வசதி இருந்தால் ரத்தத்தில் பாரசிட்டமால் அளவைப் பார்த்து, 1975இல் வந்த ரூமாக்-மாத்யூ வரைபடத்தில் வைத்து முடிவெடுப்பார். கல்லீரலின் தயால் ரத்தத்தில் தெரியாது என்பதும், எண்ணுக்காகக் காத்திருந்தால் கல்லீரல் காத்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

"இது அடிப்படை ஆராய்ச்சி, பயன் பிறகு வரும்" என்பது வழக்கமான தற்காப்பு. அடிப்படை ஆராய்ச்சி என்றால் அடிப்படைக் கேள்வி வேண்டும். கார்பன் டாட் ஏன் ஒளிர்கிறது என்பது அப்படிப்பட்ட கேள்வி. வேகவைத்த திரவத்தில் ஒளிர்வது துகளா, கூடவே உண்டான சிறிய மூலக்கூறுகளா என்ற சந்தேகம் 2015 முதல் வலுவாக எழுப்பப்பட்டிருக்கிறது. அதைத் துருவுகிறவரை நான் வணங்குவேன். இலையை மட்டும் மாற்றிக்கொண்டே போவது அந்த வகை அல்ல. தயால் அளவீட்டில் நிஜமான முன்னேற்றம் வந்ததும் வேறு பக்கத்திலிருந்துதான். உயிருள்ள செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து, குளுட்டாதயோனின் தனி-ஜோடிச் சமநிலை மாறும்போதெல்லாம் கூடவே மாறும் ஒளிர் புரதங்களை ஹைடல்பெர்க்கில் டோபியாஸ் டிக் குழுவினர் 2008இல் செய்து காட்டினார்கள். அவர்கள் அரைக்கவில்லை, குழாயில் காத்திருக்கவைக்கவில்லை. ஒருமுறை ஒட்டினால் விடாத வினையை நம்பவும் இல்லை.

"பேப்பர் இல்லாமல் பிஎச்டி எப்படி, ரேங்க் எப்படி?" என்பது அடுத்த தற்காப்பு. இது உண்மையான காரணம் என்பதால் இதை மதிக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. ஆனால் தரவரிசையில் கல்லூரிகளின் பேப்பர் கணக்கு இன்னும் நிற்கிறது. இலை கிடைக்கிறது, ஓவன் இருக்கிறது, ஸ்பெக்ட்ரோஃப்ளூரோமீட்டர் பக்கத்து டிபார்ட்மெண்டில் இருக்கிறது, சில மாதத்தில் ஒரு பேப்பர் தேறுகிறது. மாணவர்மேல் குற்றமில்லை. ஆனால் காரணம் நேர்மையானது என்பதால் முடிவுரையில் எழுதும் பொய் நேர்மையாகிவிடாது. அந்த முடிவுரையை நம்பித்தான் "உங்கள் குளுட்டாதயோன் குறைவு" என்று சொல்லித் தோல் வெளுக்க ஊசி விற்கும் கடைகளும் பிழைக்கின்றன.

தயாலும் ஒளிர்வும் சேர்ந்து மருத்துவத்துக்கு உருப்படியாக உதவிய கதையும் ஒன்று இருக்கிறது. மலேரியாவுக்குப் பிரைமாகுயின் கொடுத்தால் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் ஏன் உடைகின்றன என்று 1950களில் தேடினார்கள். அவர்களின் ரத்தத்தில் குளுட்டாதயோனை வெறுமனே அளந்தபோது மற்றவர்களிடமிருந்து பிரிக்கத் தெளிவான கோடு கிடைக்கவில்லை. எர்னெஸ்ட் பாய்ட்லர் 1957இல் வேறு மாதிரி யோசித்தார். குழாயில் இருக்கும் ரத்தத்துக்கு ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து, உடல் வெப்பத்தில் வைத்து, பிறகு அளந்தார். சாதாரண ரத்தத்தில் குளுட்டாதயோன் தாக்குப்பிடித்தது, பிரைமாகுயின் தாங்காதவர்களுடையதில் சரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல், அடிவாங்கினால் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டதால் விடை கிடைத்தது. இவர்களுக்கு இருந்த ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு 1956இல் அடையாளம் காணப்பட்டிருந்தது. அதற்காக 1966இல் பாய்ட்லரே இன்னும் எளிய சோதனையைக் கொடுத்தார். ஒரு சொட்டு ரத்தத்தை வினைக்கலவையில் கலந்து, வடிதாளில் ஒரு பொட்டு வைத்து, யுவி விளக்கைக் காட்ட வேண்டும். ஒளிர்ந்தால் நொதி இருக்கிறது, ஒளிராவிட்டால் இல்லை. நானோ துகள் எதுவும் இல்லை. இருந்தும் அந்த ஒளி ஒரு மருத்துவரின் கையை நிறுத்துகிறது: இவருக்குப் பிரைமாகுயின் வேண்டாம். இந்தக் குழந்தையின் துணிப்பெட்டியில் அந்துருண்டை வேண்டாம்.

சிவப்பணு நோய்களில் இப்படிப் பயன்படும் சோதனைகளின் தேவை துடியலூருக்கு எட்டாத தூரத்தில் இல்லை. மேற்கே பன்னிமடை, தடாகம் வழியாகப் போனால் ஆனைகட்டி, அங்கே இருளர் ஊர்கள். இருளர்களைப் போன்ற பழங்குடிகளைத் தாக்கும் அரிவாள் செல் சோகையை இந்தியாவில் முதன்முதலில் எழுதிவைத்த ஆய்வுகளில் ஒன்று, 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடையே செய்தது. அந்த நோயில் சிவப்பணுவின் குளுட்டாதயோன் குறைகிறது என்பது தெரிந்த செய்தி. 2017இல் அமெரிக்கா அனுமதித்த எல்-குளுட்டமின் மருந்தும் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் வந்தது. ஆனால் அனுமதி வாங்கித் தந்தது குளுட்டாதயோன் எண் அல்ல. மருந்து எடுத்தவர்களுக்கு வலி நெருக்கடிகளின் இடைநிலை எண்ணிக்கை மூன்று, எடுக்காதவர்களுக்கு நான்கு என்ற கணக்குதான். நோயாளி உணரும் ஒன்று மாறியது, அதனால் மருந்து நின்றது.

ஆகவே மேட்டுப்பாளையம் சாலைக் கல்லூரிகளின் கைடுகளுக்கும், வைவா நடத்த வருகிறவர்களுக்கும் நேரடியாகவே சொல்கிறேன். தயால் சென்சார் என்று ஒரு ஆய்வேடு மேசைக்கு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். ரத்தம் எடுத்த நொடியிலிருந்து அளந்த நொடி வரை தயாலை எப்படிக் காத்தீர்கள்? ஆல்புமினிலிருந்து குளுட்டாதயோனை எப்படிப் பிரித்தீர்கள்? எல்மன் முறையோடும் எச்பிஎல்சி-யோடும் உண்மையான நோயாளி மாதிரிகளில் ஒப்பிட்டீர்களா? இந்த எண் மாறினால் எந்த மருத்துவர் எந்த முடிவை மாற்றுவார்? முதல் மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் ஆய்வேடு திரும்பிப் போகட்டும். நான்காவதற்குப் பதில் இல்லையென்றால், அதை நல்ல வேதியியல் என்று பாராட்டி, "மருத்துவப் பயன்பாடு" என்ற அத்தியாயத்தை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.